மலையகச் சிறுநகரில் 150 வீதி விளக்குகள்: ஸ்மார்ட் கட்டுப்பாடு பற்றிய நிகழ்வு ஆய்வு

வீதி விளக்குக்கு ஸ்மார்ட் கட்டுப்பாடு, அதாவது கம்பத்தில் ஒரு கருவி வைத்து விளக்கைத் தொலைவிலிருந்து எரிய, மங்க, அணைய வைக்கும் முறை, விற்க வருகிறவர் முதலில் காட்டுவது, கணினித் திரையில் பச்சைப் புள்ளிகள் நிறைந்த ஒரு வரைபடம். இலங்கை மலையகத்துக்கு அந்த வரைபடம் கடைசித் தேவை. கம்பத்துக்கு மின்சாரம் எந்தக் கம்பியில் வருகிறது, கம்பங்களின் பட்டியல் சரியா, வலையமைப்பு அறுந்த இரவில் விளக்கு தானாக என்ன செய்யும் ஆகிய மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகே மற்றதைப் பேசலாம்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஒரு மாதிரி வலையமைப்பு. அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் ஏ7 வீதியோர ஊர்களின் அமைப்பை வைத்து அதை வரைந்திருக்கிறோம். டவுன் கடைவீதி 600 மீற்றர், 20 விளக்குகள். பிரதான வீதி 2.4 கிலோமீற்றர், 40 மீற்றருக்கு ஒரு கம்பம் என்று 60 விளக்குகள். தோட்டத்துப் பாதைகள், லயங்களுக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) இறங்கும் படிக்கட்டுகள், பிள்ளைப் பராமரிப்பு நிலையம், கோயில் சந்தி எல்லாம் சேர்த்து 70 விளக்குகள். கடைவீதியிலும் பிரதான வீதியிலும் 60 வாட், தோட்டத்தில் 30 வாட்.

தோட்டத்துக்குள் பிரதேச சபை விளக்குப் போடுவது பலகாலம் சட்டச் சிக்கலாகவே இருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டப் பகுதிகளில் சபை நிதியைச் செலவிடக் குறுக்கே நின்றது. 2018இல் வந்த திருத்தத்துக்குப் பிறகே வழி திறந்தது. அதே காலகட்டத்தில் நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகள் ஆறாகப் பிரிக்கப்பட்டன. இந்த இரண்டு மாற்றங்களின் தடயமும் கம்பங்களில் தெரியும். தோட்ட நிர்வாகம் போட்டது, கோயில் செலவில் போட்டது, யாரோ ஒரு வேட்பாளர் வாங்கிக் கொடுத்தது, சபை போட்டது என்று ஒரே பாதையில் நாலு விதமான விளக்குகள் தொங்கும். எந்தப் பதிவேட்டிலும் இல்லாத விளக்கும் எரிந்துகொண்டிருக்கும்.

மிச்சம் எங்கிருந்து வருகிறது

கடைவீதியிலும் பிரதான வீதியிலும் முன்பு இருந்த 80 விளக்குகளும் 150 வாட் சோடியம் என்று கொள்வோம். விளக்கோடு வரும் பலாஸ்ட் சுருள் எடுப்பதையும் சேர்த்தால் ஒன்றுக்குச் சுமார் 170 வாட், மொத்தம் 13.6 கிலோவாட். 60 வாட் எல்.ஈ.டி.க்கு மாறினால் 4.8 கிலோவாட். இங்கே இரவு ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 12 மணிநேரம்தான், ஆண்டுக்கு 4,380 மணி. ஆகவே விளக்கை மாற்றியதால் மட்டும் ஆண்டுக்கு 38,544 அலகு (கிலோவாட் மணி) மிச்சம்.

இனி இரவு 10 மணி முதல் அதிகாலை 4 மணி வரை மங்கவைப்பதன் மிச்சத்தைப் பார்ப்போம். பிரதான வீதியில் கொண்டை ஊசி வளைவு, சந்தி, பாதசாரிக் கடவை ஆகிய இடங்களில் உள்ள 14 விளக்குகளைத் தொடவே கூடாது. மீதி 46 விளக்குகளைப் பாதியாக்கினால் 3,022 அலகு. கடைவீதியின் 20 விளக்குகளைப் பாதியாக்கினால் 1,314. தோட்டத்து 70 விளக்குகளை 70 சதவீதத்துக்கு இறக்கினால் 1,380. கூட்டினால் 5,716 அலகு. ஆனால் ஒவ்வொரு கம்பத்திலும் இருக்கும் கட்டுப்படுத்தி இரவு பகல் பாராமல் சுமார் 1 வாட் எடுக்கும். 150 கருவிகள் ஆண்டுக்கு 1,314 அலகை விழுங்கிவிடும். கையில் நிற்பது 4,402 அலகு. எல்.ஈ.டி. மாற்றம் தந்ததில் கிட்டத்தட்ட ஒன்பதில் ஒரு பங்கு.

மங்கவைப்பதை மட்டும் காரணமாகக் காட்டி இந்தக் கருவிகளை வாங்கக் கூடாது என்பதே எங்கள் கருத்து. எல்.ஈ.டி.யின் மிச்சத்தையும் கட்டுப்பாட்டின் மிச்சத்தையும் ஒன்றாகக் கூட்டி எழுதிய முன்மொழிவு வந்தால், இரண்டையும் பிரித்து எழுதித் தரும்படி திருப்பி அனுப்ப வேண்டும். கட்டுப்பாட்டின் உண்மையான பயன் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, பகலில் அணையாத விளக்கு. 60 வாட் விளக்கு ஒன்று பகலிலும் எரிந்தால் ஆண்டுக்கு 263 அலகு வீண். அப்படிப் பதினைந்து எரிந்தால் 3,942 அலகு, மங்கவைத்து மிச்சம் பிடித்ததை ஏறக்குறைய அப்படியே கொட்டியதாகும். மற்றது, எந்தக் கம்பத்தில் என்ன பழுது என்று ஏணியைத் தூக்கு முன்பே தெரிவது. மலைப்பாதையில் ஒரு விளக்கைத் தேடி இரவில் ஒரு முறை, சரியான சாமானோடு பகலில் இன்னொரு முறை என்று போய்வரும் வண்டிச் செலவும் ஆள் கூலியும், மின்சாரக் கணக்கைவிடப் பெரிது.

ஐந்தாம் கம்பி

தாழ் அழுத்த ஏ.பி.சி. (காப்புறையிட்டு ஒன்றாக முறுக்கிய) கம்பிக் கட்டில் 70 சதுர மில்லிமீற்றர் பேஸ் கம்பிகள் மூன்று, அவற்றைத் தாங்கும் 54.6 சதுர மில்லிமீற்றர் நியூட்ரல், கூடவே 16 சதுர மில்லிமீற்றரில் ஒரு மெல்லிய கம்பி. அந்த ஐந்தாவது கம்பிதான் வீதி விளக்குக்கு உரியது. சில இடங்களில் மின்மாற்றிக்குப் பக்கத்தில் உள்ள கொன்டாக்டர் என்ற பெரிய தானியங்கிச் சுவிட்ச் ஒன்று அந்தக் கம்பி முழுவதையும் மாலையில் போட்டுக் காலையில் அணைக்கும். வேறு இடங்களில் கம்பத்தின் அடியில் சின்னப் பெட்டிக்குள் சுவிட்ச் இருக்கும். பக்கத்து வீட்டார் போட்டு அணைப்பார்கள். அவர்கள் ஊருக்குப் போன வாரம் விளக்கு இரவு பகலாக எரியும், அல்லது எரியாமலே கிடக்கும்.

கம்பத்துக்குக் கம்பம் கட்டுப்படுத்தி வைப்பதென்றால் அந்தக் கம்பியில் 24 மணிநேரமும் கரண்ட் இருக்க வேண்டும். கொன்டாக்டரை அப்படியே விட்டுவிட்டால் காலையில் எல்லாக் கருவிகளும் செத்து, மாலையில் ஒன்றாக எழும். பகலில் ஒரு செய்தியும் வராது. சில கருவிகள் நேரத்தையே மறந்து எழும்பும். கொன்டாக்டரை விலக்கி நேரடி இணைப்புக் கொடுப்பதே சரியான வழி.

இங்கேதான் உயிராபத்து. சபையில் பல்ப் மாற்றுகிறவர்கள் ஆண்டுக்கணக்காக ‘பகலில் அந்தக் கம்பியில் கரண்ட் இல்லை’ என்ற பழக்கத்தில் ஏறுகிறவர்கள். மாற்றம் நடந்த அன்றிலிருந்து அந்தப் பழக்கம் ஆளைக் கொல்லும். ஆகவே முதல் கட்டுப்படுத்தியைப் பூட்டு முன் மூன்று காரியம் முடிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு கம்பத்திலும் 6 அம்பியர் பிரேக்கர் அல்லது ஃபியூஸ் தனியாக வைத்து விளக்கை அங்கேயே பிரிக்க வழிசெய்தல்; கம்பத்தில் ‘எப்போதும் மின் உண்டு’ என்று தமிழிலும் சிங்களத்திலும் சிவப்புப் பட்டை; ஏறும் ஒவ்வொருவருக்கும் எழுத்தில் அறிவித்தல் கொடுத்துக் கையெழுத்து வாங்குதல். சோதனைக் கருவியால் தொட்டுப் பார்க்காமல் எந்த முனையையும் பிடிக்கக் கூடாது. கம்பமும் கம்பியும் மின் விநியோகஸ்தருக்குச் சொந்தம், விளக்குத்தான் சபையினுடையது. ஐந்தாம் கம்பியில் செய்யும் எந்த மாற்றமும் அவர்களுடைய ஆட்களால், அவர்களுடைய அனுமதியோடு நடக்க வேண்டும்.

விளக்குகள் தொலைவாகத் தொலைவாக நிற்கும் தோட்டப் பிரிவுக்குப் பணம் போதவில்லையா? கொன்டாக்டருக்கு மட்டும் ஒரு நல்ல கட்டுப்படுத்தியும் ஒரு மின் அளவியும் வைத்தாலே பாதிப் பயன் கிடைக்கும். மங்கவைக்க முடியாது, எந்த விளக்குப் பழுது என்றும் தெரியாது. ஆனால் நேரத்துக்கு எரிந்து நேரத்துக்கு அணையும். மொத்த வாட் குறைந்தால் எத்தனை விளக்குப் போயிற்று என்றும் கணக்கிடலாம். கொன்டாக்டர் முறையில் ஒரு கவனம் வேண்டும். எல்.ஈ.டி.க்கு மின்சாரத்தை ஒழுங்குபடுத்தித் தரும் டிரைவர் ஒன்று எழும் கணத்தில், ஒரு மில்லி செக்கனிலும் சிறு பங்குக்கு, 50 அம்பியர் அளவில் இழுக்கக்கூடும். இருபது டிரைவர் ஒன்றாக எழுந்தால் கொன்டாக்டரின் முனைகள் ஒட்டிக்கொள்ளும், பி வகைப் பிரேக்கர் காரணமில்லாமல் விழும். கணநேர எழுச்சியைத் தாங்கும் சி வகைப் பிரேக்கரும், கணக்கைவிட ஒரு படி பெரிய கொன்டாக்டரும் போட வேண்டும்.

ஏ.பி.சி. கம்பியிலிருந்து விளக்குக்குக் கிளை எடுப்பது, காப்புறையைத் துளைத்துப் பிடிக்கும் கனெக்டர் மூலம். அதன் நட்டுக்கு இரண்டு தலை உண்டு. குறித்த இறுக்கம் வந்ததும் மேல்தலை முறிந்து விழும். அது முறிந்தால்தான் பல் கம்பியைச் சரியாகக் கடித்திருக்கிறது. ஒருமுறை பூட்டியதைக் கழற்றி இன்னொரு கம்பத்தில் பூட்டினால் முறிய மேல்தலை இல்லை, இறுக்கம் ஊகமாகிவிடும். பிடி தளர்ந்து தீப்பொறி விடும், காற்றடிக்கும்போது கட்டுப்படுத்தி திரும்பத் திரும்ப எழும். இரவில் ஐந்தாறு தடவை ‘புதிதாக எழுந்தேன்’ என்று செய்தி அனுப்பும் கருவியைக் கண்டால் கருவியை மாற்றாதீர்கள், கனெக்டரை மாற்றுங்கள். கிளைக் கம்பி விளக்குக்குள் நுழையுமுன் கீழே ஒரு வளைவு தொங்க வேண்டும், மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும். வளைவில்லாமல் நேரே இறக்கிய கம்பி, தண்ணீரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போகும்.

பாசியும் பனிமூட்டமும்

பனி மூடினால் விளக்குத் தானாக எரிகிறது என்று மலையகத்தில் எல்லாரும் சொல்வார்கள். நண்பகல் பனிமூட்டத்திலும் வெளியே ஆயிரக்கணக்கான லக்ஸ் (வெளிச்ச அலகு) வெளிச்சம் இருக்கும். ஒளி உணரி எரியவைப்பது 10 முதல் 20 லக்ஸ் அளவில். வெறும் பனி அதை ஏமாற்றாது. ஏமாற்றுவது வேறு. உணரியின் மூடியில் பச்சைப் பாசி படர்ந்திருக்கும், வெயில் பட்டு மூடி மஞ்சளாகி மங்கியிருக்கும், மேட்டின் நிழலிலோ கிரவிலியா மரத்தின் கீழோ முகம் திரும்பியிருக்கும். அப்படிப்பட்ட உணரிக்குப் பனி வந்தால்தான் அந்தி ஆகிவிடும். இன்னொரு காரணமும் உண்டு. பெரும்பாலான மலிவு உணரிகள் பழுதானால் விளக்கை எரியும் நிலையிலேயே விட்டுவிடும்படி செய்யப்பட்டவை. ஈரம் ஏறிச் செத்த உணரி இரவு பகலாக எரியவைக்கும். கம்பத்தில் ஏறி மூடியைத் துணியால் துடைத்துப் பாருங்கள். பத்து நிமிடத்தில் அணைந்தால் பாசி; அணையாவிட்டால் உணரி.

ஆகவே மலையகத்தில் கடிகாரம் தலைமை, உணரி துணை. கட்டுப்படுத்திக்குள் சூரியன் எழும் மறையும் நேரத்தைத் தானே கணிக்கும் கடிகாரம் இருக்க வேண்டும். நுவரெலியா 6.95 பாகை வடக்கு, 80.78 பாகை கிழக்கு. மறைவு நவம்பரில் மாலை 5.50 அளவிலும் ஜூலையில் 6.30 அளவிலும் வரும். மேற்கே மலை மறைக்கும் பள்ளத்தாக்கில் இருள் முந்தும். அந்தக் குழுவுக்கு 10 நிமிடம் முன்கூட்டி எழ அமைக்கலாம். உணரிக்கு ஒரு சாளரம் மட்டும் கொடுங்கள்: கணித்த மறைவு நேரத்துக்கு 45 நிமிடம் முன்பிருந்தே, இருண்டால் எரியவைக்கலாம். சூரியன் எழுந்து 45 நிமிடத்துக்குப் பிறகு எரியவைக்க அதற்கு அதிகாரமில்லை.

நேர வலயத்தில் வரும் பிழை வேடிக்கையாகத் தெரியும், ஆனால் ஊர் இருண்டு போகும். சேவையகம் உலகப் பொது நேரத்தில் ஓடும். அட்டவணையை இலங்கை நேரத்தில் தட்டியிருப்பார்கள். 5.30 மணி வித்தியாசத்தில் 6.15க்கு எரிய வேண்டியது இரவு 11.45க்கு எரியும். அட்டவணை ஏற்றிய அன்று மாலை ஒருவர் வீதியில் நின்று கண்ணால் பார்க்க வேண்டும்.

கட்டளை போகும் வழி

மின்கம்பி வழியே செய்தி அனுப்பும் முறை மின்மாற்றியைத் தாண்டத் தயங்கும். மலையகத்தில் ஒரு மின்மாற்றிக்குச் சில விளக்குகளே இருக்கும் என்பதால் செலவு கூடும். 2.4 கிகாஹேர்ட்ஸில் கம்பத்துக்குக் கம்பம் தாவும் வலை கடைவீதிக்கு நல்லது. கொண்டை ஊசி வளைவில் ஒரு கம்பம் செத்தால் பின்னாலுள்ளதெல்லாம் துண்டாகும். 150 விளக்குக்கு எங்கள் தெரிவு லோராவான், அதாவது சிறு செய்திகளைக் குறைந்த சக்தியில் நெடுந்தூரம் அனுப்பும் வானலை முறை. விளக்குகளின் செய்தியை வாங்கிச் சேவையகத்துக்குக் கடத்தும் கேட்வே இரண்டு போதும், மூன்றாவது இருந்தால் நிம்மதி.

கேட்வேயை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் வழுக்குவது. உயரமான இடம் வேண்டும் என்று ஊர் இருக்கும் மலையின் உச்சியிலேயே வைப்பார்கள். மலையின் வயிறு வெளியே தள்ளியிருப்பதால் அடிவாரத்து லயங்கள் அங்கிருந்து தெரியாது. எதிர்மலையில் இருக்கும் தேயிலை ஸ்டோரின் (தொழிற்சாலையின்) கூரை, பாடசாலைக் கட்டடம், தண்ணீர்த் தாங்கி என்பவை முகத்துக்கு நேரே பார்க்கும். இரண்டு கேட்வேயும் இரண்டு எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும், ஒவ்வொரு விளக்கும் குறைந்தது இரண்டுக்கு எட்ட வேண்டும். அன்டெனாவிலும் கவனம் வேண்டும். 8 டெசிபெல் அன்டெனா தூரம் பேசும், ஆனால் அதன் கற்றை தட்டையானது. பள்ளத்தாக்கின் தலைக்கு மேலால் போய்விடும். 3 முதல் 5 டெசிபெல் போதும். அளவை எடுக்கும் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் கணக்குப் பிழைக்கும். விளக்கின் உயரத்துக்குத் தடியில் கட்டித் தூக்கி, மழை நாளில் எடுக்க வேண்டும். பனிமூட்டம் இந்த அலைவரிசையில் ஒரு பொருட்டல்ல, நனைந்த இலைதான் விழுங்குகிறது. லோராவானின் ஆக மெதுவான பேச்சு முறையான பரவல் காரணி 12இல் இரைச்சலைவிட 20 டெசிபெல் தாழ்ந்தாலும் செய்தி பிடிபடும். ஆனால் அந்த விளிம்பில் எந்த விளக்கையும் விடாதீர்கள், 10 டெசிபெல் இருப்பு வையுங்கள்.

அலைவரிசையைத் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் எழுத்தில் உறுதிசெய்யாமல் ஒரு கருவியும் இறக்கக் கூடாது. இந்தியச் சந்தைக்கான கருவிகள் 865 முதல் 867 மெகாஹேர்ட்ஸில் பேசுபவை. விலை மலிவு என்று அப்படியே வாங்கிவிட்டால் அனுமதிச் சிக்கல் வரும், பிறகு வாங்கும் கேட்வேயோடும் ஒத்துப்போகாது.

இவ்வளவு செய்தும் வலையமைப்பு அறுந்துபோகும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேர மின்வெட்டு வந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தில் மண்ணைச் சரித்து வீதிகளையும் மின்சாரத்தையும் தொலைபேசியையும் அறுத்தது. எனவே அட்டவணை சேவையகத்தில் இருந்தால் போதாது, கம்பத்திலுள்ள கட்டுப்படுத்திக்குள் இருக்க வேண்டும். கடிகாரம் மின் இல்லாமல் 7 நாள் நேரம் காக்க வேண்டும். நேரமே தெரியாமல் எழுந்தால் உணரியைக் கேட்கட்டும். அதுவும் இல்லையென்றால் முழு வெளிச்சத்தில் எரியட்டும். இருட்டில் தவறுவதைவிட வெளிச்சத்தில் தவறுவது மேல்.

மின்வெட்டு முடிந்து கரண்ட் வரும்போது 150 கருவியும் ஒரே நொடியில் கேட்வேயைக் கூப்பிட்டால் ஒன்றின் குரலும் கேட்காது. 0 முதல் 300 செக்கனுக்குள் ஏதாவது ஒரு தாமதத்தில் ஒவ்வொன்றும் எழும்படி அமைக்க வேண்டும். கரண்ட் போகும் கணத்தில் ‘போகிறேன்’ என்று கடைசிச் செய்தி அனுப்பும் வசதிக்குப் பணம் கொடுக்கலாம். ஆனால் கேட்வே அதே வெட்டில் செத்தால் அந்தச் செய்தியைக் கேட்க ஆளில்லை. கேட்வேக்கு 12 மணிநேர பட்டறி தேவை.

மழையும் மின்னலும் நியூட்ரலும்

மழை பெய்தால் மங்கி, வெயில் வந்தால் சரியாகும் விளக்கு மலையகத்தின் தனி நோய். 1–10 வோல்ட் மங்கவைப்பு முறையில் டிரைவர் அந்த இரண்டு கம்பியில் அனுப்புவது 100 மைக்ரோ அம்பியர் அளவிலான மின்னோட்டம். இணைப்பில் ஈரம் ஏறி 30 கிலோ ஓம் கசிவு உண்டானால் 10 வோல்ட்டில் நிற்க வேண்டியது 3 வோல்ட்டுக்கு விழும், விளக்கு 30 சதவீதத்துக்கு இறங்கும். கட்டளை 100 சதவீதம், வாட் 20க்குக் கீழே, அதுவும் மழை இரவில் மட்டும் என்று பதிவு வந்தால் நோய் அதுதான். இரண்டு கம்பியையும் மாற்றிப் பூட்டினாலும் விளக்கு அடிமட்டத்தில் நிற்கும். ஆனால் அது வெயிலிலும் நிற்கும் என்பதால் பிரித்தறியலாம். டிஜிட்டல் செய்தியால் மங்கவைக்கும் டாலி முறையில் இந்தத் தொல்லை குறைவு. கம்பிக்கு நேர் எதிர் கிடையாது; ஈரத்தால் பேச்சறுந்தால் டிரைவர் வழக்கமாக முழு வெளிச்சத்துக்குப் போகும். புதிதாக வாங்குபவர்கள் டாலியையே கேட்க வேண்டும்.

கருவி உட்காரும் சொக்கட், நேமா ஏழு முனை வகை. கறுப்பு உள்வரும் பேஸ், வெள்ளை நியூட்ரல், சிவப்பு விளக்குக்குப் போவது. கறுப்பும் சிவப்பும் மாறினால் விளக்கு எரிவதுபோல் தெரிந்தாலும் அளவீடுகள் பொய் சொல்லும். இந்த வகையில் ஒரு பெரிய நன்மை: கருவி பழுதானால் அதைத் திருகிக் கழற்றி, குறுக்கிணைப்பு மூடி ஒன்றைத் திருகிவிட்டால் விளக்கு முழு வெளிச்சத்தில் எரியும். மாற்றுக் கருவி கொழும்பிலிருந்து வரும்வரை தெரு இருளாது.

மின்னலுக்கு மார்ச்–ஏப்ரலும் ஒக்டோபர்–நவம்பரும் மோசம், பருவமழைகளுக்கு இடைப்பட்ட பின்னேர இடி. டிரைவருக்குள் இருக்கும் 4 அல்லது 6 கிலோவோல்ட் காப்பு போதாது, 10 கிலோவோல்ட், 10 கிலோ அம்பியர் மின்னெழுச்சிக் காப்பு வெளியே வேண்டும். அதன் இடத்தைக் கேட்டு வாங்குங்கள். தொழிற்சாலையில் பல தடவை அதைச் சொக்கட்டுக்குப் பின்னால், டிரைவருக்கு முன்னால் வைப்பார்கள். விளக்குப் பிழைக்கும், விலை கூடிய கட்டுப்படுத்தி கருகும். காப்பு சொக்கட்டுக்கு முன்னால் வர வேண்டும். பாறையில் எர்த் கம்பி இறங்காது. பாதையோர மண்ணில் கிடையாகப் பட்டை புதைத்து 10 ஓமுக்குள் கொண்டுவரப் பாருங்கள்.

நியூட்ரல் அறுந்தால் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 400 வோல்ட் வரை ஏறும். 305 வோல்ட் வரை மட்டும் தாங்கும் டிரைவர்கள் வரிசையாகச் சாகும். அதே கம்பியில் இருக்கும் லயத்து வீடுகளின் தொலைக்காட்சியும் குளிர்சாதனப் பெட்டியும் சேர்ந்து போகும். அறுவதற்கு முன் நியூட்ரல் தளரும். அந்தத் தளர்வு வீதி விளக்கின் வோல்ட் பதிவில் முதலில் தெரியும். வழக்கமான எல்லை 6 சதவீதம் கூட்டிக் குறைத்து, அதாவது 216 முதல் 244 வோல்ட். அடுத்தடுத்த விளக்குகளில் ஒன்று 250க்கு மேலும் மற்றது 210க்குக் கீழும் காட்டினால், அந்த இரவே மின் விநியோகஸ்தருக்குத் தொலைபேசி போட வேண்டும். கருவிகளின் முழு விலைக்கும் இந்த ஓர் எச்சரிக்கை ஈடு என்று நம்புகிறோம்.

கம்பப் பட்டியல்

கம்பத்தில் வெள்ளை மட்டையில் கறுப்பு இலக்கம் எழுதுவதிலிருந்து தொடங்க வேண்டும். பள்ளத்தாக்கில் கைபேசியின் இடங்காட்டி பத்து மீற்றர் தாராளமாகப் பிசகும், மேல் பாதைக் கம்பமும் கீழ்ப் பாதைக் கம்பமும் வரைபடத்தில் ஒன்றின்மேல் ஒன்று விழும். ‘மேல் பிரிவு’, ‘கீழ்ப் பிரிவு’ எல்லாத் தோட்டத்திலும் உண்டு, ஆகவே தோட்டப் பெயரும் சேர்த்து எழுத வேண்டும். பட்டியலில் இருக்க வேண்டியவை: கம்ப இலக்கம், மின்மாற்றி இலக்கம், எந்தப் பேஸ், விளக்கு வாட், டிரைவர் வகை, கருவியின் பட்டைக்குறி, கை நீளம், உயரம், பக்கத்தில் என்ன. எல்லாவற்றையும்விட முக்கியமான நிரல் ‘மின் எந்தக் கம்பத்திலிருந்து வருகிறது’ என்பது. அந்த நிரல் இருந்தால், 31ஆம் கம்பம் முதல் 38 வரை மௌனம் என்றதும் பழுது 30க்கும் 31க்கும் நடுவில் என்று அலுவலகத்திலேயே சொல்லலாம். இல்லாவிட்டால் எட்டு விளக்குப் பழுது என்று எட்டுக் கருவியோடு ஆள் போவார்.

மற்றப் பழுதுகளை வாட் சொல்லும். எரி என்ற கட்டளைக்கு 2 வாட்டுக்குக் கீழ் வந்தால் டிரைவர் அல்லது மின்னெழுச்சிக் காப்பு. 60க்கு 40 வந்தால் எல்.ஈ.டி. வரிசையொன்று செத்திருக்கிறது, அணை என்ற பிறகும் 60 வந்தால் ரிலே ஒட்டிக்கொண்டது.

எப்போது மங்கலாம்

தோட்டத்தில் நாலு மணிக்கு அடுப்பு மூட்டும் வீடுகள் பல. தண்ணீர் எடுக்க, பிள்ளையைப் பராமரிப்பு நிலையத்தில் விட, பிரட்டுக்கு (காலை வேலைப் பதிவுக்கு) நிற்கப் பெண்கள் இறங்கும் படிக்கட்டு முழு வெளிச்சத்தில் இருக்க வேண்டும். நகரத்து அட்டவணையை அப்படியே ஏற்றி 5.30 வரை மங்கவிடுவது அநியாயம். முதல் பஸ் வரும் தரிப்பிடமும் அதே குழுவில் சேர வேண்டும். மாரியம்மன் திருவிழா நாட்கள், தீபாவளி, வெசாக் ஆகியவற்றுக்கு முழு இரவும் மங்காத தனி நாட்காட்டி வேண்டும். திருவிழாத் திகதி தோட்டத்துக்குத் தோட்டம் மாறும் என்பதால் கோயில் நிர்வாகத்திடம் முன்கூட்டிக் கேட்டு ஏற்ற வேண்டும். மங்கும்போது இரண்டு நிமிடம் எடுத்து மெல்ல இறங்கினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். சட்டென்று இறங்கினால் மறுநாள் சபைக்கு முறைப்பாடு வரும்.

மஞ்சள் ஒளி பனியைக் கிழிக்கும் என்ற நம்பிக்கைக்காக விளக்கைத் தெரிய வேண்டாம். பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரிது, எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒரே அளவில் சிதறடிக்கும். பனியில் உதவுவது விளக்கின் சாய்வு. பழைய சோடியம் கைகள் 15 பாகை நிமிர்ந்திருக்கும். அப்படியே எல்.ஈ.டி. பூட்டினால் ஒளி மேலே பனியில் வெள்ளைத் திரையாகும். கீழ்ச் சரிவின் லயத்துச் சன்னலுக்குள்ளும் அடிக்கும். 0 முதல் 5 பாகைக்குள் கொண்டுவந்து, சரிவுப் பக்கத்துக்கு மறைப்புத் தகடு போட வேண்டும்.

ஓடர் கொடுக்கு முன்

கேள்வி மனுவில் எழுத வேண்டியவற்றில் மூன்றை விட்டுக்கொடுக்கக் கூடாது. ஒவ்வொரு கருவியின் மறைகுறிச் சாவியும் சபைக்குக் கையளிக்கப்பட வேண்டும். நிறுவனம் மூடினாலும் வேறு சேவையகத்துக்கு மாற அதுவே வழி. மென்பொருள் டால்க் போன்ற, வேறு நிறுவனக் கருவிகளோடும் ஒத்துப்போகும் திறந்த இடைமுகத்தில் பேச வேண்டும். ஐந்தாண்டு உத்தரவாதத்துக்குள் வரும் மாற்றுக் கருவிகள் சபைக் களஞ்சியத்திலேயே இருக்க வேண்டும்: கட்டுப்படுத்தி 8, டிரைவர் 8, மின்னெழுச்சிக் காப்பு 10, குறுக்கிணைப்பு மூடி 15, துளைக்கும் கனெக்டர் 30.

முதலில் 12 கருவிகளை மட்டும், ஆகக் கடினமான இடங்களில் பூட்டுங்கள்: பள்ளத்தின் மடிப்பில் 4, மரத்தின் கீழ் 4, இடி விழும் முகட்டில் 2, வோல்ட் குறையும் நீண்ட கம்பியின் வால்நுனியில் 2. ஏப்ரல் இடியிலிருந்து தென்மேல் பருவமழை ஓயும் செப்டெம்பர் வரை ஓடட்டும். தேர்ச்சிக்கு மூன்று சோதனைகள். தொடர்ந்து 30 இரவுகளில் எதிர்பார்த்த செய்திகளில் 95 சதவீதம் வந்துசேர வேண்டும். கேட்வே இரண்டையும் மூன்று இரவுகள் அணைத்துவிட்டாலும் 12 விளக்கும் அட்டவணைப்படி எரிந்து மங்கி அணைய வேண்டும். மின்னை 24 மணிநேரம் வெட்டி, கேட்வே அணைந்த நிலையிலேயே திரும்பக் கொடுத்தால் கடிகாரப் பிசகு 2 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். மூன்றிலும் தேறினால் மீதி 138க்கு ஓடர் கொடுக்கலாம். இரண்டாவதில் மட்டும் தோற்றாலும் அந்த வகைக் கருவியை வாங்காதீர்கள், மற்ற இரண்டில் எவ்வளவு நன்றாகத் தேறியிருந்தாலும் சரி.